சரியாயிடுச்சு என்கிற சொல்

பாம்பனில் சித்தப்பாவின் ஃபைபர் படகில் ஒரு பழைய டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு மோட்டார். ஸ்டார்ட் ஆகும், பத்து நிமிஷம் ஓடும், திணறி நின்றுவிடும். ஸ்பார்க் பிளக்கை மாற்றினேன்; ஓடியது, நின்றது. கார்புரேட்டரைக் கழற்றி ஜெட்டைச் சுத்தம் செய்தேன், ஓடியது. "சரியாயிடுச்சு சித்தப்பா" என்றேன்.

அவர் ஒன்றும் சொல்லாமல் ஓட விட்டார். மறுபடி திணறியபோது, டேங்கிலிருந்து வரும் ஹோஸில் இருக்கிற ரப்பர் பல்பைக் காட்டினார். சப்பிப் போயிருந்தது. டேங்க் மூடியில் காற்று போகிற ஓட்டை உப்பேறி அடைத்திருந்தது. பெட்ரோல் குறையக் குறைய உள்ளே காற்று போக வழியில்லை. ஒரு கட்டத்தில் பெட்ரோல் மேலே வராது. ஒவ்வொரு ரிப்பேருக்குப் பிறகும், பெட்ரோல் இருக்கா என்று நான் மூடியைத் திறந்து பார்த்திருக்கிறேன். மோட்டாரை ஓட வைத்தது அதுதான், என் வேலை அல்ல.

ஆபீஸிலும் இப்படித்தான். சர்வரை ரீஸ்டார்ட் பண்ணுவோம், பிரச்சினை போனதும் டிக்கெட்டை மூடுவோம்.

காரணம் தெரியாமல் "சரியாயிடுச்சு" என்றது பொய்யா? நம்பித்தானே சொன்னேன்? ஆனால் அந்தச் சொல்லை வைத்துக் கடலுக்குப் போகிறவன் நான் இல்லை. நம்பிக்கை என்னுடையது, ஆபத்து அவருடையது. "இப்ப ஓடுது, ஏன்னு தெரியல." அதைச் சொல்ல மட்டும்தான் எனக்கு உரிமை இருந்தது.