ஓடவிட்டுக் காட்டுகிற கடை

பழைய இசைத்தட்டு வாங்க நல்ல கடை எது என்று கேட்பவர்களுக்கு நான் ஒரே ஓர் அடையாளம்தான் சொல்வேன். காசு வாங்குவதற்கு முன் தட்டை ஓடவிட்டுக் காட்ட வேண்டும். சென்னை மூர் மார்க்கெட் 1985இல் எரிந்துபோன பிறகு அல்லிக்குளம் வளாகத்துக்கு இடம் மாறிய கடைகளுக்கு நடுவே அப்படி ஒன்று இருக்கிறது. நாய் படம் போட்ட எச்.எம்.வி., கொலம்பியா, இன்ரெகோ, எக்கோ என்று தட்டுகள் நெருக்கியடித்து நிற்கும். கடைக்காரர் உறையிலிருந்து ஒன்றை உருவி, விளிம்பை மட்டும் உள்ளங்கையில் தாங்கி, டியூப்லைட் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பார். மேலோட்டமான கீறலா, முள் இழுத்த கீறலா என்று அவருக்கு அதிலேயே தெரிந்துவிடும். ஆனாலும், "கண்ணால பாத்தா போதாது சார், கேட்டாத்தான் தெரியும்" என்று முள்ளை வைப்பார்.

அங்கே நிற்கும்போதெல்லாம் நம் தத்துவக்காரர்கள் நூற்றாண்டுக்கணக்கில் நடத்திய வழக்கு ஒன்று எனக்குள் ஓடும். ஒலி என்றும் உள்ளதா, உண்டாகி அழிவதா?

மீமாம்சகர்களுக்கு வேதம் எவராலும் இயற்றப்படாதது. அதைக் காப்பாற்ற, சொல்லின் ஒலி நித்தியம் என்றார்கள். உச்சரிக்கும்போது அது பிறப்பதில்லை, வெளிப்படுகிறது. இருட்டிலிருக்கும் குடத்தை விளக்கு காட்டுகிறதே, அப்படி. நியாய தத்துவத்தைச் சேர்ந்த நையாயிகர்கள் ஒப்பவில்லை. ஒலி ஆகாயத்தின் குணம், முயற்சியால் பிறப்பது, அலைக்குப் பின் அலையாகப் பரவி அழிவது என்றார்கள். ஒலி அழியும் என்பதில் பௌத்தர்களும் அவர்களோடு சேர்ந்துகொண்டார்கள். மணிமேகலையில் அறவண அடிகள் அளவை நூல் கற்பிக்கும் இடத்தில் இந்த வாதமே எடுத்துக்காட்டாக வருகிறது. ஒலி செய்யப்படுகிறது, ஆகவே குடத்தைப் போல அழியக்கூடியது. ஒரே குடத்தை இரண்டு கட்சியும் சாட்சிக்கு அழைத்திருக்கின்றன!

மீமாம்சகர்களின் கை ஓங்கும் இடமும் உண்டு. முன்பு கேட்ட எழுத்தை மறுபடி கேட்டால் 'இது அதுவேதான்' என்று அறிகிறோம். அழிந்துபோனதை எப்படி அடையாளம் காண முடியும் என்பது அவர்கள் கேள்வி. எம்.எஸ். சுப்புலட்சுமி பாடி 1963இல் இசைத்தட்டாக வந்த வேங்கடேச சுப்ரபாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தெருவில் நான்கு வீட்டில் நான்கு தட்டு சுற்றினாலும் கேட்பது ஒரே சுப்ரபாதம் என்றுதான் எல்லோரும் சொல்வோம். ஒரு வீட்டுத் தட்டில் கீறல் விழுந்து 'டிக் டிக்' என்றால்? அது விளக்கின் குற்றம், குடத்துக்கு ஒன்றும் ஆகவில்லை என்பார் மீமாம்சகர்.

இதற்கு என் பதிலை அந்தக் கடையில்தான் கண்டேன். தட்டில் பாட்டு இல்லை. இருப்பது ஒரு கோடு. எல்.பி.யின் ஒரு பக்கத்தில் விளிம்பிலிருந்து நடுவை நோக்கிச் சுருளும் அந்த ஒற்றைக் கோட்டை நீட்டினால் ஏறக்குறைய அரை கிலோமீட்டர் வரும். பாடியவரின் குரல் அந்த அறையிலேயே அழிந்துவிட்டது. அதன் அதிர்வு வெட்டிய தடம் மட்டும் மிஞ்சியது. அனுபவம் அழிந்தபின் ஆன்மாவில் அதன் சம்ஸ்காரம், அதாவது பதிவு, தங்குகிறது, நினைவு அதிலிருந்து புதிதாகப் பிறக்கிறது என்று நியாய நூல்கள் சொல்வது இங்கே அப்படியே பொருந்துகிறது. 'அதுவேதான்' என்று நாம் அறிவதற்குத் தடம் ஒன்றாக இருந்தாலே போதும், ஒலி அழியாமல் இருக்க வேண்டியதில்லை. கடைக்காரர் முள்ளை வைத்ததும் நான் கேட்பது அந்தக் கணத்தில் பிறந்த ஒலி. பிறந்ததற்கு விலையும் உண்டு. 78 சுற்று அரக்குத் தட்டுகளில் கற்பொடி கலந்திருப்பார்கள். எஃகு முள் அதில் உரசி உரசித் தேயும், அதனால் ஒவ்வொரு பக்கத்துக்கும் புது முள் மாட்ட வேண்டும். முள் தேயும்போது தட்டும் கொஞ்சம் தேயும். விளக்கு காட்டுவதால் குடம் தேய்வதில்லையே.

ஒலி அழியும் என்று ஒப்புக்கொண்டால் பக்திக்குக் குறை வந்துவிடுமோ என்று சிலர் அஞ்சலாம். எனக்கு நேர்மாறாகத் தோன்றுகிறது. திருமலையில் சுப்ரபாதத்தை ஒருமுறை பாடி முடித்துவிடவில்லை. விடியுமுன் தினமும் பாடுகிறார்கள், மார்கழியில் அதன் இடத்தில் திருப்பாவை. நேற்றைய ஒலி நேற்றோடு போனதால்தான் இன்றைக்கு ஒருவர் எழுந்து நின்று பாட வேண்டியிருக்கிறது. வழிபாட்டின் உயிரே அந்த மறுபடியும் பாடுவதில் இருக்கிறது என்று நம்புகிறேன்.

அதனால்தான், விலை ஏறட்டும் என்று உறை பிரிக்காமல் பூட்டி வைப்பவர்களை என்னால் ஏற்க முடிவதில்லை. அவர்களிடம் இருப்பது பாட்டாகாத கோடு. அதைவிட, தேய்ந்துபோன தட்டை ஞாயிற்றுக்கிழமைதோறும் வீட்டாரோடு உட்கார்ந்து கேட்கிறவருக்கே பாட்டு சொந்தம்.

உங்கள் வீட்டுப் பரணில் தாத்தா காலத்துத் தட்டுகள் கிடந்தால் பழைய பேப்பர்காரருக்கு எடை போட்டு விடாதீர்கள். ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்காமல் நிமிர்த்தி வையுங்கள், வெயில் படாத இடமாக இருக்கட்டும், நம் ஊர்ச் சூட்டுக்கு வினைல் வளைந்துவிடும். ஓடவிடும் கருவி வீட்டில் இல்லையென்றால் அந்தத் தட்டுகளோடு இப்படியொரு கடைக்குப் போய், ஒரு பக்கமாவது போடச் சொல்லிக் கேளுங்கள்.