ஆளில்லாத் தீவில் நாம் யாருடைய விருந்தாளி?



தபசுகாலம் வந்தால் கச்சத்தீவு அந்தோணியார் திருநாளுக்குப் போய்வர வேண்டுமென்ற ஆசை நம் வாழவந்தி நாட்டிலும் சிலருக்கு எழுவதுண்டு. படகென்றால் வாசலூர்ப்பட்டிப் படகையே அறிந்த மலைவாசிகளுக்கு நடுக்கடலில் ஓர் இரவு தங்குவதென்பது பெரிய காரியமன்றோ! போகிறவர்கள் போய்வரட்டும், நல்லதே. ஆனால் புறப்படுமுன் ஒரு கேள்வியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அத்தீவில் குடியிருப்பவர் ஒருவருமில்லை. அப்படியாயின் அங்கே தங்கும் நீங்கள் யாருடைய விருந்தாளி?

தீவின் நிலைமையை முதலில் சொல்லிவிடுகிறேன். இராமேஸ்வரத்துக்கும் இலங்கையின் நெடுந்தீவுக்கும் இடையே 285 ஏக்கர் நிலம். குடிநீர் கிடையாது. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் நம்புதாளை சீனிக்குப்பன் படையாட்சி என்பவர் அங்கே அந்தோணியாருக்கு முதற்கோவில் எழுப்பியதாகச் சொல்வர். 1974-ல் இந்திரா காந்தி அம்மையாரும் சிறிமாவோ பண்டாரநாயக்கா அம்மையாரும் செய்த ஒப்பந்தத்தால் தீவு இலங்கையைச் சேர்ந்தது. நம் யாத்திரிகர் விசா இன்றிப் போய்வரலாமென்றும் அதிலே கண்டிருக்கிறது. போர்க்காலத்தில் தடைப்பட்ட திருநாள் போர் ஓய்ந்தபின் 2010-ல் மீண்டும் தொடங்கியது. 2016-ல் புதுக்கோவிலும் எழும்பியது. முதல் நாள் கொடியேற்றம், சிலுவைப்பாதை, தேர்ப்பவனி. இரவு மணலிலோ கூடாரத்திலோ படுக்கை. மறுநாள் காலை பூசை, கொடியிறக்கம், உடனே படகு. இரண்டே நாளில் தீவு மறுபடி வெறுமையாகிவிடும்.

கேள்விக்கு வருவோம். ஆளில்லா இடம், ஆகையால் யாருக்கும் விருந்தாளியல்ல என்பார் சிலர். இந்தப் பதிலின் இலட்சணத்தை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. எழுபது கொண்டையூசி வளைவுகளையும் ஏறிவந்து, ஆகாய கங்கையில் குளித்து, காட்டிலே சோறு தின்று, இலையையும் பாட்டிலையும் அங்கேயே எறிந்துவிட்டு இறங்கிப் போகிறவர்களும் காட்டை ஆளில்லா இடம் என்றே எண்ணுகிறார்கள். அது நம் வீட்டுக் கொல்லை என்பது அவர்களுக்குத் தெரிவதில்லை.

சர்வேசுரனுடைய விருந்தாளி என்பார் வேறு சிலர். மெய்தான். ஆயினும் இப்பதிலைச் சற்றுச் சந்தேகத்தோடே கேட்கிறேன். சர்வேசுரன் கணக்குச் சீட்டு நீட்டுவதில்லை என்ற தைரியத்தில் சொல்லப்படும் பக்தி வார்த்தையாகவும் அது இருக்கலாமே!

யாருடைய பாட்டினால் நான் ஓர் இடத்தில் சௌகரியமாகத் தங்குகிறேனோ, யாருக்கு என் தங்கலால் நஷ்டம் வருமோ, அவரே எனக்கு விருந்திடுகிறவர். கச்சத்தீவில் அவர் யார்? நீங்கள் குடிக்கும் தண்ணீர் கடல் கடந்து வந்தது. கோவில் யாழ்ப்பாண மேற்றிராசனத்தைச் சேர்ந்தது. சுற்றியுள்ள கடலில் சிறு படகுகளில் வலை விரித்துப் பிழைப்பவர்கள் நெடுந்தீவு, யாழ்ப்பாணக் கரையார். நம் மொழி பேசுகிறவர்கள். அந்த இரவு உங்களருகே பாய் விரித்து ஜெபமாலை சொல்பவர் அவர்களில் ஒருவராயிருக்கலாம்.

இங்கேதான் சங்கடம். உங்களை ஏற்றிச் செல்லும் விசைப்படகு திருநாளில் யாத்திரைப் படகு. மற்ற நாட்களில் அது இழுவை மடிப் படகாயிருக்கலாம். கடலடியை வாரி, குஞ்சுமீனையும் விடாமல் அள்ளும் மடி அது. போரினால் பல்லாண்டு கடலுக்கே போகமுடியாதிருந்த அக்கரைக்காரர், போர் முடிந்து கடனுக்கு வாங்கி விரித்த வலைகள் இரவோடிரவாக அறுபட்டன என்று முறையிடுகிறார்கள். 2017-ல் இலங்கை இம்மடியைச் சட்டத்தால் தடுத்தது. நம் பக்கத்தாருக்கும் துயரமில்லாமலில்லை. படகிலேறும் கூலிக்காரருக்கு மடியைத் தெரிந்தெடுக்கும் உரிமை ஏது? பிடிபட்டால் சிறை, படகு போனால் கடன். ஓட்டுநர்களுக்குச் சிறைத்தண்டனை விதித்ததைக் கண்டித்து 2024-ல் இராமேஸ்வரத்துப் படகுகள் திருநாளுக்கே போகவில்லை. பீடம் ஒன்றாயிருந்தும் ஒரு கரையார் வராத திருநாள்!

காணிக்கையோடு பீடத்தண்டை வந்தபின், சகோதரனுக்கு உன்பேரில் மனத்தாங்கல் உண்டென்று நினைவு வந்தால், முதலில் போய் அவனோடு சமாதானமாகு என்றார் சேசுநாதர். அவன்பேரில் உனக்குள்ள மனத்தாங்கலை அவர் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். “நான் மலைக்காரன், எனக்கும் மடிக்கும் என்ன?” என்று நீங்கள் கேட்பீர்கள். மடி உங்களுடையதன்று, படகுப் பயணம் உங்களுடையதே. சந்தையில் மலிவாய் வாங்கும் கடல்மீன் எந்த மடியில் வந்ததென்று நாம் விசாரிப்பதுமில்லை.

அர்ச். சின்னப்பர் போன கப்பல் மால்தா தீவருகே உடைந்தபோது அதில் 276 பேர் இருந்தனர். மழையிலும் குளிரிலும் நடுங்கியவர்களுக்குத் தீவார் நெருப்பு மூட்டிக் கொடுத்தார்கள். அப்போஸ்தலர் சும்மா உட்கார்ந்து குளிர்காயவில்லை. தாமும் சுள்ளி பொறுக்கி நெருப்பிலிட்டார். விரியன் அவர் கையைப் பற்றியது அந்தச் சுள்ளிக்கட்டிலிருந்துதான். பிரசங்கங்களில் விரியனைப் பற்றியே பேசுகிறோம். சுள்ளியைப் பற்றிப் பேசுவது குறைவு.

ஆகவே, போகிறவர்களே, தண்ணீரைக் கூடுமானவரை இங்கிருந்தே கொண்டுபோங்கள்; வெறும் பாட்டில்களைத் திரும்பக் கொண்டுவாருங்கள். தேர் நிலைக்கு வந்தபின் நித்திரைக்கு முன் நேரமிருக்கும். பக்கத்துப் பாயிலிருப்பவர் நெடுந்தீவுக்காரரானால், “ஐயா, உங்கள் பக்கம் மீன்பாடு எப்படி?” என்று கேளுங்கள். அவர் சொல்வது கசப்பாயிருக்கலாம். குறுக்கே பேசாமல் முழுவதும் கேட்டுவிட்டுப் படுங்கள், விடிந்தால் பூசை.