சரக்கும் மனிதரும்

ஒரு கலைப்படைப்பு நம்மை ஏமாற்றிவிட்டது என்று சொல்லும்போது நாம் எதனைக் குறிக்கின்றோம்? பணமும் பொழுதும் வீணாயின என்பதையா? அது வணிகக் கணக்கு; விமர்சனமன்று. அரியதொரு கேள்வியை எழுப்பிய படைப்பாளி, விடையை நெருங்குமுன் விலகிவிடும்போது உண்டாகும் ஏமாற்றமே ஆராயத்தக்கது.

ஆரத்தி கடவ் எழுதி இயக்கிய 'கார்கோ' என்ற ஹிந்தி விஞ்ஞானக் கதைப் படத்தைக் கண்டியில் நண்பர் ஒருவரின் வீட்டில் அமர்ந்து பார்த்தேன். 2019இல் மும்பைத் திரைப்பட விழாவிலும், 2020இல் நெட்பிளிக்ஸ் வாயிலாகவும் வெளிவந்த இப்படம், பெரும் ஸ்டூடியோக்களின் ஆடம்பரமின்றிச் சிறு செலவில் ஆக்கப்பட்டது. புஷ்பக் 634ஏ என்ற விண்கலத்தில் பிரஹஸ்தன் என்னும் அரக்கன் பணிபுரிகின்றான். பூவுலகில் இறந்தோர் 'சரக்கு' என்ற பெயரில் அங்கே வந்து சேர்கின்றனர். அவர்களுடைய உடைமைகள் வாங்கிவைக்கப்படுகின்றன, உடற்காயங்கள் ஆற்றப்படுகின்றன, நினைவுகள் அழிக்கப்படுகின்றன. பின்னர் அவர்கள் மறுபிறவிக்கு அனுப்பப்படுகின்றனர். யுவிஷ்கா என்ற இளம்பெண் அவனுக்கு உதவியாளாக வருகின்றாள்.

புஷ்பக விமானமும், இராவணனின் சேனாதிபதியான பிரஹஸ்தனின் பெயரும் இலங்கை வாசகர்க்குப் புதியனவல்ல. புராணத்தை ஓர் அரசாங்கக் காரியாலயமாக மாற்றிக் காட்டிய கற்பனையை மனமாரப் பாராட்டுகின்றேன். விண்கலத்தின் கருவிகள் பழைய தொலைக்காட்சிப் பெட்டிகளை நினைவூட்டுவதையும் நான் குறைகூறேன். வறுமை கலைக்கு இழுக்கன்று.

என் மனக்குறை வேறு. மனிதரைச் சரக்கு என்றழைக்கும் சொல்லைக் கேட்டுவிட்டு, மலையகத்தைச் சேர்ந்த ஒருவன் வாளாவிருத்தல் இயலாது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரை நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபர் 30ஆம் நாள் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரைக் கணக்கிலெடுத்தது. 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு என்று பிரித்தது. எஞ்சிய 1 இலட்சத்து 50 ஆயிரம் பேர் 1974இல் சரிபாதியாகப் பங்கிடப்பட்டனர். எண்ணிக்கை முதலில் தீர்மானிக்கப்பட்டது. மனிதர்கள் பின்னர் அதற்குள் அடக்கப்பட்டனர். அவர்களைத் தலைமன்னாருக்கு ஏற்றிச் சென்ற ரயிலுக்கு மக்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என்று பெயரிட்டனர்.

படத்தில் பிரஹஸ்தனின் தனிமை கனிவோடு சித்திரிக்கப்படுகின்றது. ஆயினும் சரக்காக வருவோர் சில நிமிடங்கள் தோன்றி மறைகின்றனர். அவர்தம் நினைவை அழிக்கும் அதிகாரத்தை யார் அளித்தார், அதனால் யாருக்கு நன்மை என்ற கேள்வி கதையின் நடுவிடத்துக்கு வரவேயில்லை. அனுப்பிவைக்கும் குமாஸ்தாவின் துயரம் தெரிகின்றது; அனுப்பப்படுவோனின் துயரம் தெரியவில்லை.

நண்பர் என்னை மறுத்தார். "துயரத்தை மறவாமல் மனிதன் எவ்வாறு மீண்டும் வாழ்வான்? மறதியும் ஒரு மருந்தல்லவா?" என்று கேட்டார். இதனை அவர் இலேசாகச் சொல்லவில்லை. அவருடைய பாட்டனாரின் தம்பி அந்தக் கோச்சியில் ஏறியவர். கூடலூரிலிருந்து சில ஆண்டுகள் கடிதம் வந்தது, பின்பு நின்றுபோயிற்று. "அவரை நினைத்து நினைத்தே எங்கள் பாட்டனார் நோயாளியானார்" என்றார் நண்பர்.

இவ்வாதத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. நினைவு சுமைதான். ஆனால் சுமையை இறக்கிவைப்பது வேறு, பறித்துக்கொள்ளப்படுவது வேறு. மறத்தல் துயருற்றவனின் உரிமை; மறக்கச் செய்தல் ஆள்வோரின் வசதி. நினைவு அழிந்தவன் தனக்கு இழைக்கப்பட்டதைக் கேட்க மாட்டான். கேட்காதவனுக்கு எவரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. 2023ஆம் ஆண்டு, மலையக மக்கள் இந்நாட்டுக்கு வந்து 200 ஆண்டுகள் நிறைவுற்றதை முன்னிட்டு, தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்குப் பலர் கால்நடையாக வந்தனர். முன்னோர் நடந்த வழியை மீண்டும் நடந்தவர்கள் துயரத்தைப் போற்றுவதற்காக நடக்கவில்லை. தாம் சரக்கல்லர் என்று சொல்லவே நடந்தனர்.

என் வகுப்பிலே தோட்டங்களிலிருந்து வரும் பிள்ளைகளிடம் மூதாதையர் பெயர்களை எழுதச் சொன்னேன். பலரின் பேனா பாட்டனாரின் பெயரோடு நின்றுவிட்டது. நினைவை அழிக்க விண்கலமொன்றும் வேண்டியதில்லை என்பதை அன்று உணர்ந்தேன்.

ஆகவே என் ஏமாற்றத்தில் ஒரு பகுதி என்னையே சாரும். எங்கள் கேள்வியை மும்பைக் கலைஞர் ஒருவர் எங்களுக்காகக் கேட்டுவிடுவார் என்று எதிர்பார்த்தது என் பிழை. அவர் கதவைத் திறந்தார், அதுவே பெரிது. உள்ளே சென்று பேசவேண்டியவர்கள் நாம். நண்பரின் வீட்டில் அந்தக் கூடலூர்க் கடிதங்கள் இன்னும் இருக்கின்றன. அவற்றைப் படியெடுத்துத் தருமாறு கேட்டிருக்கின்றேன்.