ஏலமும் அறமும்: கொள்வோன் கடன் யாது?

பொருளொன்றினை அதன் பெறுமதிக்கு மேலாக விலை கொடுத்து வாங்குதல் பேதைமை என்பதில் எவருக்கும் ஐயமில்லை. ஆயின், பெறுமதிக்குக் கீழாக விலை கொடுத்து வாங்குதல் திறமை மட்டுந்தானா, அன்றித் தவறும் ஆகுமா? இவ்வினாவை என்னுள் எழுப்பியது ஓர் ஏலக் கூடமாகும். ஈடுவைத்து மீட்கப்படாத நகைகள் கொழும்பிலே ஏலத்தில் விற்கப்படுவதாகப் பத்திரிகையில் அறிவித்தல் கண்டு, அக்காவின் திருமணத்தை முன்னிட்டு, கொட்டாஞ்சேனையிலிருந்து அம்மாவுடன் சென்றேன். செட்டியார் தெருவின் புதுநகை விலை எமக்கு எட்டாததாயிருந்தது. சங்கிலியொன்று முன்வைக்கப்பட்டபொழுது அம்மா என் பக்கம் குனிந்து, "இது எந்தத் தாயின் கழுத்தில கிடந்ததோ, தம்பி" என்றார். கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் ஏறத்தாழ 70 சதவீதத்தைத் தொட்ட 2022 ஆம் ஆண்டிலே ஈடுவைக்கப்பட்ட அவரது சங்கிலியும் மீளவில்லை. நாம் விலை கூறாமலே வீடு திரும்பினோம். அவ்வாறு திரும்பியது அறமா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் மிகைவிலை பற்றி நோக்குவோம். ஏலம் எமது நகருக்குப் புதியதன்று. கொழும்பின் முதலாவது தேயிலை ஏலம் 1883 ஜூலை 30 இல் நடைபெற்றது. கூவி விற்ற அவ்வேலம் 2020 இல் இலத்திரனியல் முறைக்கு மாறியது. இன்று வேட்டைத் தோட்டாவை மீள நிரப்பும் கருவி முதல் பழைய தையல் இயந்திரம் வரை உலகெங்கும் இணையவழி ஏலத்தில் விலைப்படுகின்றன. எங்கு நிகழினும் மனித மனம் ஒன்றே. கி.பி. 193 இல் உரோமப் பேரரசையே அதன் காவற்படையினர் ஏலத்தில் விட்டனர். படைவீரர் ஒவ்வொருவருக்கும் 25,000 செஸ்டர்ஸ் தருவதாகக் கூறி அரியணையைப் பெற்ற திதியுஸ் யூலியானுஸ், 66 நாட்களில் அதனையும் உயிரையும் ஒருங்கே இழந்தான்.

சாதாரண மாந்தரும் இவ்வாறே தவறுகின்றனர். மால்மெண்டியர், லீ என்னும் ஆய்வாளர் இருவர் 2011 இல் வெளியிட்ட ஆய்வு இதற்குச் சான்று. ஒரே இணையத் தளத்தில் ஒரே பொருள் நிலையான விலைக்கும் கிடைத்தது, ஏலத்திலும் விடப்பட்டது. ஏலங்களுள் 42 சதவீதமானவை அந்நிலையான விலையை விஞ்சியே முடிவுற்றன. விற்கப்பட்ட பொருளோ, பணத்தைத் திறம்பட நிருவகிக்கக் கற்பிக்கும் ஒரு விளையாட்டு! போட்டியின் வெப்பத்தில் பொருளின் விலையை மறந்து வெற்றியின் விலையை மனிதன் கொடுத்துவிடுகின்றான். வெப்பம் இல்லாதவிடத்தும் இடருண்டு. பெறுமதி உறுதியாகத் தெரியாத பொருளைப் பலர் மதிப்பிடுங்கால், மிகுதியாக மதிப்பிட்டவனே வெல்கின்றான். ஆதலின் வென்றவனே பெரும்பாலும் பிழையாக மதிப்பிட்டவனுமாவான்.

இதற்கு மருந்து யாது? 1961 இல் வில்லியம் விக்ரி என்னும் பொருளியலறிஞர் ஒரு முறையை ஆராய்ந்தார். ஒவ்வொருவரும் தம் விலையை மறைவாக எழுதிக் கொடுப்பர். உயர்ந்த விலை எழுதியவர் வெல்வார். ஆனால் இரண்டாவது உயர்ந்த விலையையே செலுத்துவார். இங்கு தம் மதிப்பைக் குறைத்தெழுதுபவருக்கு நன்மையில்லை; அவர் செலுத்தும் தொகை அதனாற் குறையாது, பொருளை இழக்கவே நேரிடும். கூட்டியெழுதினால் மதிப்புக்கு மேற் செலுத்த நேரிடும். எனவே உண்மை கூறலே விவேகமாகின்றது. கூவி விற்கும் ஏலத்திலும் நிலை ஏறத்தாழ இதுவே. அனுப்புகூலி, தரகு யாவற்றையும் கணக்கிட்டு, தன் எல்லையை முன்னரே வகுத்து, அவ்வெல்லைவரை நின்று, அதனைக் கடந்ததும் விலகுபவன் ஏமாறுவதில்லை.

விவேகத்தின் கதை இத்துடன் முடிகின்றது. அறத்தின் கதை இங்கேதான் தொடங்குகின்றது. மிகையாகக் கொள்ளாமையும் குறையாகக் கொடாமையும் ஒருங்கே பேணிய வணிகரைப் பட்டினப்பாலை போற்றுகின்றது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் தோமஸ் அக்குவைனஸ் இன்னும் நுணுகி நோக்கினார். பொன்னைப் பித்தளையென மயங்கி ஒருவன் விற்க, அறிந்துகொண்டே அதனை மலிவாக வாங்குபவன் ஈடுசெய்யக் கடமைப்பட்டவன் என்பது அவர் முடிபு. விற்பவனின் அறியாமை வாங்குபவனின் ஆதாயமாகலாகாதெனின், விற்பவனின் துன்பம் மட்டும் ஆகலாமா?

ஈட்டு நகை ஏலத்தில் இவ்வினா மேலும் கூர்மையுறுகின்றது. கடனும் வட்டியும் செலவும் போக எஞ்சுவது ஈடுவைத்தவருக்கே உரியது என்பது ஈட்டின் தத்துவம். எனவே, கூடத்தில் இல்லாத ஒருவரின் பங்கை அங்கு இருப்பவர்களே நிர்ணயிக்கின்றனர். வாங்குவோர் தமக்குள் உடன்பட்டு விலையை அமுக்குவராயின், அவர்கள் கவர்வது கடன் கொடுத்தோனின் பணத்தை மட்டுமன்று. சங்கிலியை இழந்த தாயின் எஞ்சிய காசையுமே.

இங்கு ஒரு தடை எழலாம். வறுமையே நகையை ஏலக் கூடத்திற்குக் கொணர்ந்தது. அங்கு நேர்மையாக விலை கூறுவதால் அவ்வறுமை நீங்குமா? நீங்காதுதான். அது சமுதாயம் முழுவதும் விடையிறுக்க வேண்டிய வினா. எனினும் பெரிய அநீதியைத் தடுக்க இயலாமை, சிறிய நீதியைச் செய்யாதிருத்தற்கு நியாயமாகாது. அக்கூடத்தில் எம்மால் ஆகக்கூடிய நீதி ஒன்றே: உண்மையான மதிப்புவரை விலை கூறி நிற்றல்.

அம்மாவின் இரக்கத்தை நான் குறைவாக மதிக்கவில்லை. விலைக்குப் பின்னால் ஒரு மனிதர் உளர் என்பதை அன்று கண்டவர் அவர் ஒருவரே. ஆயினும் எமது மௌனத்தால் அம்முகமறியாத் தாய்க்கு நன்மை விளையவில்லை. போட்டியாளர் ஒருவர் குறைந்ததால் அச்சங்கிலி இன்னும் மலிவாகவே விலைப்பட்டிருக்கலாம். எம் மனம் ஆறுதலுற்றது. அதற்கான செலவு அவருடையதாயிற்று. இரக்கம் எம்மை வாயிலை நோக்கி அழைத்துச் சென்றது. அது எம்மைக் கையுயர்த்தச் செய்திருக்க வேண்டும்.