தறிக்குழியும் இடமற்ற இறைவனும்

ரஜப் மாதத்தில் ஓர் இரவு தக்கலை உறங்குவதில்லை. சூஃபிக் கவிஞர் பீர்முகம்மது அப்பாவின் தர்காவில், அவர் இயற்றிய ஞானப்புகழ்ச்சியைப் பாடத் தொடங்கினால் விடியும்வரை நீளும். நூற்றுக்கணக்கான பாடல்கள், அத்தனையும் தமிழ். அப்பா தென்காசியிலிருந்து வந்து குடியேறிய நெசவாளி. அவரைச் சுற்றி வளர்ந்த சமூகமும் நெசவைத் தொழிலாகக் கொண்டதுதான்.

அப்பா பாடியது உருவமில்லாத, இடமில்லாத ஒருவனை. அந்தப் பாட்டையே ஓர் ஊரில், ஓர் அடக்கத்தலத்தின் அருகே, குறிப்பிட்ட ஓர் இரவில் கூடிப் பாடுகிறார்கள். எங்கும் இருப்பவனைப் பாடுவதற்கு இந்த ஊர்தான் வேண்டுமா? தக்கலையில் பல ஆண்டுகளாக வீட்டுத் திண்ணையிலும் பள்ளிவாசல் முற்றத்திலும் மாறிமாறிக் கேட்கப்படும் கேள்வி இது.

தக்கலைக்குப் பக்கத்தில் பத்மநாபபுரம். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசிவரை திருவிதாங்கூரின் தலைநகரம். அரண்மனை இருக்கும் ஊருக்குத் துணி வேண்டும். ராஜா வெளியூர்த் தறிக்காரர்களைக் கொண்டுவந்து குடிவைத்தார் என்பது இந்தப் பக்கத்து வாய்மொழி. அந்த மக்களோடு ஒட்டிக்கொண்ட ‘அஞ்சுவண்ணம்’ என்ற பெயர் இன்னும் பழையது. கி.பி. 849-ஐச் சேர்ந்த கொல்லம் தரிசாப்பள்ளிச் செப்பேட்டில், கடல் கடந்து வந்த வணிகர்களின் குழுவாக அஞ்சுவண்ணம் வருகிறது. சாட்சிக் கையெழுத்துகள் அரபு, பஹ்லவி, எபிரேய எழுத்துகளில் இருக்கின்றன. கப்பலில் வந்தவர்களின் பெயர் எப்படித் தறிக்காரர்களிடம் வந்து சேர்ந்தது என்பதை வரலாற்றாசிரியர்கள் பேசிக்கொள்ளட்டும். தேங்காய்ப்பட்டணத்துக்காரரான தோப்பில் முஹம்மது மீரான் 2008-இல் ‘அஞ்சுவண்ணம் தெரு’ என்ற நாவலை எழுதினார். தெருவின் பழைய பெருமையும், அது நொடித்துப்போனதும், தர்கா மரபுக்கும், ஓரிறைக் கொள்கையை வலியுறுத்திப் புதிதாக வந்த தவ்ஹீத் பிரச்சாரத்துக்கும் நடந்த இழுபறியும் அதில் இருக்கின்றன.

குழித்தறியில் உட்கார்ந்தவருக்கு இடம் என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டாம். கால்கள் குழிக்குள், பாதத்துக்கடியில் மிதிகட்டை. நாடா இடமும் வலமும் ஓடும், பாவு நகர்ந்து நகர்ந்து வரும், ஆள் மட்டும் அசைய மாட்டார். வந்தேறி எத்தனை காலம் குடியிருந்தாலும் வந்தேறிதான். ஆனால் தரையைத் தோண்டித் தறிக்குழி வெட்டிவிட்டால் அந்த மண்ணில் அவருக்குக் காலூன்ற ஓரிடம் ஆகிவிடுகிறது. அடுத்த தலைமுறையில் அந்த மண்ணிலேயே ஒரு மையத்தும் அடங்கிவிட்டால் திரும்பிப் போகும் பேச்சே எழாது.

தவ்ஹீத் தரப்பின் வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. கப்றுகளை வணக்கத்தலமாக்குவதை நபிகள் கண்டித்ததாக ஹதீஸ் இருக்கிறது. கேட்பதை நேரே அல்லாஹ்விடம் கேட்கலாமே, நடுவில் ஆள் எதற்கு என்ற கேள்வி மார்க்கத்தின் நடு நரம்பிலிருந்து வருவது. உண்டியலும் தாயத்தும் பெருகிய தர்காக்களைப் பார்த்தவர்கள் அந்தக் கோபத்தில் நியாயம் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். மறுதரப்பும் ஹதீஸோடுதான் நிற்கிறது: கப்றுகளைப் போய்ப் பாருங்கள், மறுமை நினைவுக்கு வரும் என்றவரும் அதே நபிதான்.

இந்தச் சண்டை முஸ்லிம்களுக்கு மட்டும் உரியதல்ல. நியூயார்க்கின் கிழக்கு ஹார்லெமில், போல்லா என்ற தென் இத்தாலிய ஊரிலிருந்து பிழைக்க வந்தவர்கள் 1881-இல் கார்மேல் மாதா திருவிழாவைத் தொடங்கினார்கள். 115-ஆம் தெருவில் கோவில் எழும்பியது. ஆனால் இத்தாலியர்களும் அவர்களுடைய மாதாவும் 1919 வரை அதன் கீழ்த்தளத்தில்தான் இருக்க வேண்டியிருந்தது. அங்கிருந்த ஐரிஷ் கத்தோலிக்கர் பலருக்கு மெழுகுவர்த்தியும் நேர்ச்சையும் தெருவில் ஊர்வலமும் கூச்சமாக இருந்தன. இது பக்தியா, சந்தைக்கூச்சலா என்றார்கள். கோட்டாறு சவேரியார் திருவிழாவைப் பார்த்து வளர்ந்த நாஞ்சில்நாட்டுக்காரருக்கு இந்தக் கேள்வியே வேடிக்கையாக இருக்கும். ராபர்ட் ஓர்சி 1985-இல் வெளியிட்ட நூலில் அந்தத் தெருவின் கதையை விரிவாகச் சொல்கிறார். இரண்டாம் உலகப்போருக்குப் பின் இத்தாலியர்கள் மெல்ல வெளியேறினார்கள். பிறகு ஹைட்டியிலிருந்து வந்தவர்கள் அதே மாதாவிடம் வரத் தொடங்கினார்கள்.

தக்கலைக்கென்று ஒரு தனித்தன்மை உண்டு. இங்கே விழாவின் நடுவில் இருப்பது ஒரு நூல். அப்பாவின் மற்ற நூல்களையும் பார்த்தால் அவர் எந்த மண்ணின் பேச்சில் யோசித்தார் என்பது தெரியும். ‘ஞானரத்தினக் குறவஞ்சி’ என்று ஒன்று. குற்றாலத்துக்குப் பக்கத்து ஊரில் பிறந்தவர் குறவஞ்சி பாடியதில் வியப்பில்லை. குறவஞ்சிப் பாத்திரங்களான சிங்கனையும் சிங்கியையும் பிடித்துவந்து மெய்ஞ்ஞானம் பேசவைத்ததுதான் அவருடைய குறும்பு. சித்தர்களைக் கேட்டுப் பழகிய காது அவரை அந்நியராக எண்ணாது.

இவ்வளவு நுணுக்கமான பாடல்கள் நூற்றாண்டுகள் தாண்டி எப்படி உயிரோடு வந்தன? ஏட்டில் எழுதியது ஒரு காரணம். ஆண்டுதோறும் ஓரிடத்தில் கூடி, மூத்தவர் பாட இளையவர் கேட்டு மனதில் ஏற்றியது அதைவிடப் பெரிய காரணம் என்றே சொல்ல வேண்டும். இடமற்றவனைப் பற்றிய தத்துவத்தை இவ்வளவு காலம் சுமந்தது ஓர் இடம். தர்கா வேண்டாம், பாட்டு மட்டும் போதும் என்று இன்று சொல்ல முடிகிறதென்றால், பாட்டு நம் கைக்கு வந்த வழி அந்தத் தர்காதான். இதனால் தவ்ஹீத் தரப்பின் கேள்வி தீர்ந்துவிடாது. பாட்டைக் காப்பாற்றிய காரணத்துக்காக அடக்கத்தலத்தில் கையேந்துவது சரியாகிவிடுமா என்று அவர்கள் கேட்கலாம், கேட்கிறார்கள்.

நெசவு இன்று இந்த மக்களின் முதன்மைப் பிழைப்பு அல்ல. கன்னியாகுமரி மாவட்டத்து இளைஞர்கள் வளைகுடாவுக்குப் போகிறார்கள். இம்முறை வந்தேறிகள் இவர்கள். மதீனாவில் வேலை செய்பவர் ஜன்னத்துல் பகீ அடக்கத்தலத்தைப் பார்க்கிறார். அங்கே நபியின் குடும்பத்தார் அடங்கிய இடத்தில் இருந்த குவிமாடங்கள் 1920-களில் இடிக்கப்பட்டன. இப்போது வெறும் மண்ணும் கல்லும்தான். இதுதான் சரி என்று நினைத்துக்கொண்டு ஊர் திரும்புபவர்கள் உண்டு. ரஜபை ஒட்டி லீவு கேட்டு டிக்கெட் போடுபவர்களும் உண்டு. இந்த இரு வகையினரும் ஒரே வீட்டில் அண்ணன் தம்பியாக இருந்தால், ஞானப்புகழ்ச்சி இரவன்று வாக்குவாதம் சாப்பாட்டுப் பாயிலேயே தொடங்கிவிடும்.