வாயும் வாய்மையும்

பல் பிடுங்க வருகிறவரிடம் நான் கேட்கும் கேள்விகள் இரண்டு வகை. என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்பது ஒன்று. வெற்றிலை, புகையிலை, பீடி, குடி உண்டா என்பது இன்னொன்று. என் கிளினிக்கில் இரண்டும் ஒரே தாளில் அடுத்தடுத்து அச்சாகியிருக்கின்றன. எனக்கு இரண்டும் ஒரே தேவைக்கானவை. எதிரே இருப்பவருக்கு அப்படியல்ல. முதல் கேள்வி அவருடைய உடம்பைப் பற்றியது, இரண்டாவது அவருடைய யோக்கியதையைப் பற்றியது.

நோயாளி மருத்துவரிடம் உண்மை சொல்லக் கடமைப்பட்டவரா? தக்கலைப் பக்கத்தில் பல் பார்க்கும் எனக்கு இது அன்றாடக் கேள்வி.

உண்மை ஏன் வேண்டும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர் ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் சாப்பிடுவார். பல் எடுத்தால் ரத்தம் நிற்கக் கொஞ்சம் நேரமாகும், அவ்வளவுதான். பெரும்பாலும் மருந்தை நிறுத்தாமலேயே எடுத்துவிடலாம். குழியில் தையல் போட்டு, பஞ்சை அழுத்திக் கடிக்க வைத்தால் போதும். ஆனால், "மாத்திர தின்னா பல்லெடுக்க மாட்டாவ" என்று யாரோ சொன்னதைக் கேட்டு, ஐந்து நாளாக நிறுத்திவிட்டு, "ஒரு மாத்திரையும் இல்ல டாக்டரே" என்று வருகிறவர்கள் உண்டு. அன்றைய தேதிக்கு அது உண்மைதான். ஆனால் ஒரு பல்லுக்காக ஸ்டென்டில் அடைப்பை வரவழைக்கக்கூடிய உண்மை அது.

வார்ஃபரின் சாப்பிடுகிறவருக்கு, அது தெரியாமல் நான் மெட்ரோனிடசோல் எழுதினால் ரத்தம் உறையும் தன்மை இன்னும் குறையும். எலும்புத் தேய்மானத்துக்கோ, எலும்புக்குப் பரவிய புற்றுநோய்க்கோ சோலெட்ரோனிக் ஆசிட் ஊசி போட்டுக்கொண்டவருக்குப் பல் எடுத்தால், சிலருக்குத் தாடை எலும்பு ஆறாமல் செத்துப்போகும். நாள்பட்ட குடியால் கல்லீரல் கெட்டவருக்கு ரத்தம் எளிதில் நிற்காது, வழக்கமான வலி மாத்திரையும் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். சொல்லாமல் விடுகிற ஒவ்வொன்றுக்கும் உடம்பில் ஒரு கணக்கு இருக்கிறது.

பிறகு ஏன் மறைக்கிறார்கள்? பாதிப்பேர் மறைப்பதே இல்லை என்பது என் எண்ணம். "வெத்திலயா? அது பழக்கம் இல்லியே டாக்டரே, சாப்பாட்டுக்குப் பொறவு சும்மா போடுதது" என்கிறார் ஒரு பாட்டா. பல்லெல்லாம் கருஞ்சிவப்பு. அவர் பொய் சொல்லவில்லை. வெற்றிலை பாக்கு மாற்றாமல் கல்யாணம் உறுதியாகாத ஊரில், அது எப்படி 'பழக்கம்' ஆகும்? அது மொறை. என் தாளில் உள்ள சொல்லும் அவர் மனதில் உள்ள சொல்லும் வேறு வேறு.

மீதிப்பேர் மறைக்கிறார்கள். மருமகள் பக்கத்தில் நிற்கும்போது மாமனார் எப்படிச் சொல்வார்? சபைக்குப் போகிறவருக்கு, ஒரு கிளாஸ் என்று ஒத்துக்கொள்வது சபையில் பேர் போகும் காரியம். என் கிளினிக்கில் சீட்டு எழுதும் பெண் அவருக்குத் தூரத்துச் சொந்தமாகவும் இருப்பாள். எங்கள் ஊர்களில் யாரும் யாருக்கும் அந்நியரில்லை.

இங்கே நெய்யூரை நினைத்துக்கொள்கிறேன். எங்களுக்குப் பக்கத்து ஊர். 1838இல் லண்டன் மிஷன் தொடங்கிய மருத்துவப் பணி அங்கே வளர்ந்து பெரிய ஆஸ்பத்திரியானது. அங்கே பணிபுரிந்த பென்டால் என்ற மருத்துவர் 1908இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் திருவிதாங்கூரின் 1,700 புற்றுநோயாளிகளைப் பற்றி எழுதினார். 1933இல் ஆர் என்பவர் லான்செட்டில், திருவிதாங்கூரில் வெற்றிலை போடுகிறவர்களுக்கு வரும் வாய்ப்புற்றுநோயைப் பற்றி எழுதினார். அந்தக் கட்டுரைகளுக்குப் பின்னால் நம்முடைய முப்பாட்டன்களின், முப்பாட்டிகளின் வாய்கள் இருக்கின்றன. எதைப் போடுகிறாய், எத்தனை தடவை, எந்தக் கன்னத்தில் அடக்குகிறாய் என்ற கேள்விகளுக்கு அவர்கள் பதில் சொல்லாமல் அந்த மருத்துவம் நகர்ந்திருக்காது. அவர்களால் சொல்ல முடிந்தது, சொல்வதில் வெட்கமில்லாததால்தான் என்று நினைக்கிறேன். வெற்றிலை அன்று குற்றமல்ல. பாக்கே புற்றுநோய்க் காரணி என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை வெளியிட்டது 2004இல்தான்.

இன்று நிலைமை வேறு. 2013இல் தமிழ்நாட்டில் குட்காவும் பான் மசாலாவும் தடை செய்யப்பட்டன. தடை வேண்டியதுதான், நான் அதற்கு எதிரியல்ல. ஆனால் அதன்பின் என் கேள்வியில் போலீஸ்காரரின் குரலும் சேர்ந்துவிட்டது. உதட்டுக்குள் கூல் லிப் பொட்டலத்தை ஒதுக்கும் கல்லூரிப் பையன், "சே, அதெல்லாம் இல்ல சார்" என்கிறான். பொட்டலம் இருந்த இடத்தில் தோல் வெளுத்துச் சுருங்கியிருக்கிறது.

'பொய் சொன்னது அவன், பலனும் அவனுக்கு' என்று ஒரு வாதம் உண்டு. கடை வியாபாரத்துக்கு அது சரியாக இருக்கலாம். ஆனால் தான் மறைப்பது பல்லோடு சம்பந்தப்பட்டது என்றே தெரியாதவரிடம், மறைத்தாய் என்று எப்படிக் குற்றம் சுமத்துவது? உண்மை சொல்லும் கடமை நோயாளிக்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அது இரண்டாவதாக வரும் கடமை. ஏன் கேட்கிறேன் என்று சொல்வதும், சொன்னதை வைத்து அவரைச் சிறுமைப்படுத்தாமலிருப்பதும் அதற்கு முன்னால் வருபவை. வாய்மை என்பது தீமை பயக்காத சொல் என்று வள்ளுவர் வரையறுத்தது சொல்பவருக்கானது. கேட்பவருக்கும் அதில் ஒரு பங்கு இருப்பதாக எனக்குப் படுகிறது. சொன்னவருக்குத் தீமை வராதபடி கேட்கத் தெரியாதவருக்கு, வாய்மையைக் கோர என்ன உரிமை?

இதை ஒத்துக்கொண்டால் அடுத்த சிக்கல் வருகிறது. பத்தொன்பது வயதுப் பையன். வாயில் இரண்டு விரல்தான் நுழைகிறது. கன்னத்தின் உட்பக்கம் பாக்கால் நார் நாராக இறுகிப்போயிருக்கிறது. தனியாகக் கேட்டேன், சொன்னான். வெளியே ஃபீஸ் கட்டிவிட்டு அப்பா கேட்கிறார்: "டாக்டரே, இவனுக்கு எதாவது பழக்கம் உண்டுமா?" அவர் ரப்பர் பால் வெட்டிச் சேர்த்த காசு அது. அவருக்குத் தெரிய உரிமையில்லையா?

நான் சொல்லவில்லை. "அவன்கிட்டயே கேளுங்கண்ணே" என்றேன். பையனிடம், நீயே சொல்லு, சொன்னால்தான் நிறுத்த ஒரு துணை கிடைக்கும் என்றேன். இன்றும் அப்படித்தான் செய்வேன். ஒரு வீட்டில் நான் வாய்திறந்தால், அந்த ஊரில் பத்துப்பேர் என்னிடம் வாய்திறக்க மாட்டார்கள். ஆனால் இந்த நியாயத்துக்கு ஒரு விலை இருக்கிறது, அதைக் கொடுப்பவன் நானல்ல. அவன் அப்பாவிடம் சொல்லத் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் அந்தக் கன்னம் இன்னும் கொஞ்சம் இறுகும்.

அதனால் ரகசியம் காப்பதோடு என் கடமை முடிந்தது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காப்பவருக்கு, அவனைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டு, திட்டாமல், சலிக்காமல் அதே கேள்வியைக் கேட்கும் பொறுப்பும் சேர்ந்தே வருகிறது. உண்மையை வாங்குவதைவிட, வாங்கிய உண்மையைச் சுமப்பது கடினமான வேலை.