வினைமுதல் இல்லாத நிராகரிப்பு

சென்ற ஆண்டு உயர்தர வகுப்பு அனுமதிக் காலத்தில், நான் கற்பிக்கும் மலையகப் பாடசாலையின் அலுவலக வாயிலில் ஒரு தந்தை நின்றார். தேயிலைத் தோட்டத் தொழிலாளி. மகனுடைய விண்ணப்பம் அவர் கைக்குத் திரும்பியிருந்தது. அதன் குறுக்கே ஊதா மையில், ‘நிராகரிக்கப்பட்டது’ என்னும் இறப்பர் முத்திரை. எழுத்துக்கூட்டி அதனை வாசித்தவர் என்னை நிமிர்ந்து பார்த்து, “யாருங்கய்யா நிராகரிச்சது?” என்று கேட்டார். அனுமதிக் குழுவில் நானும் ஒருவன். எனினும், “குழுவின் முடிவு” என்பதற்கு மேல் என்னால் எதுவும் சொல்ல இயலவில்லை.

அவர் கேட்டது இலக்கண வினாவுமாகும். ‘நிராகரிக்கப்பட்டது’ செயப்பாட்டுவினை. அதன் வினைமுதல் மூன்றாம் வேற்றுமை ஏற்று, ‘அதிபரால்’ என்றோ ‘குழுவினரால்’ என்றோ வரவேண்டும். முத்திரையில் அந்த ‘ஆல்’ இல்லை. செய்தவன் மறைந்துவிடுகிறான், செயல் மட்டும் மழையைப்போல, வெயிலைப்போல, தானே நிகழ்ந்தது போன்று தாளில் நிற்கிறது.

தமிழில் இப்பொருளைக் குறிக்கும் சொற்கள் பல. அவற்றை ஒன்றுக்கொன்று பதிலாக எழுதிவிடுகிறோம். ஆயின், அவை மனிதனை நடத்தும் முறை ஒன்றன்று. மறுத்தல் என்பதை எடுத்துக்கொள்வோம். நன்னூலார் விடையை எட்டாக வகுத்தபோது, ‘மறை’யையும் அவற்றுள் ஒன்றாகவே வைத்தார். ‘இல்லை’ என்பதும் ஒரு விடை என்பது அதன் கருத்து. நூலாசிரியன் கொள்ளும் எழுவகை மதங்களிலும் மறுத்தல் இடம்பெறுகிறது. ஆகவே, மறுப்பவன் எதிரில் நிற்பவனை வினவும் தகுதி உடையவன் என ஏற்றுக்கொண்டே மறுக்கிறான். அவனோடு வாதிடலாம், அவனைத் திருத்தவும் கூடும்.

புறக்கணித்தல் அத்தகையதன்று. புறம் என்பது முதுகு. புறம் என்பது வெளி. இச்சொல்லில் இரண்டும் உண்டு. யாழ்ப்பாணத்துத் தேநீர்க்கடைகளின் பழைய வரலாறு இதற்கு நல்ல உரை. ஒடுக்கப்பட்ட சாதியார் ஒருவர் கடைக்கு வந்தால் தேநீர் மறுக்கப்படாமலும் இருக்கலாம். காசை வாங்கிக்கொண்டு, தனிப் பாத்திரத்தில், வெளியே வைத்துக் கொடுப்பார்கள். யாரும் ‘இல்லை’ என்று சொல்லவில்லை. எனவே யாரும் காரணம் கூறவேண்டியதும் இல்லை. 1957இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்தது. ஆயினும் கடைகளும் கோயில்களும் திறக்க 1966ஆம் ஆண்டின் ஊர்வலமும், 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாயிலில் நடந்த போராட்டமும் வேண்டியிருந்தன. அப்போராட்டங்கள் செய்த முதற் காரியம், புறங்காட்டி நின்றவர்களை முகங்காட்டச் செய்ததே. ‘உள்ளே விடமாட்டோம்’ என்று அவர்கள் வாய்திறந்து சொல்லவேண்டியதாயிற்று. சொன்ன பின்னரே அதற்கு எதிருரை கூற முடிந்தது.

நிராகரித்தல் வடமொழிவழி வந்த சொல். அகற்றுதல், தள்ளிவிடுதல் என்பது அதன் பொருள். ஒரு மாணவி இதனை ‘நிராகாரம்’ என்பதோடு சேர்த்து, ‘உருவம் இல்லாமற் செய்தல்’ என எழுதியிருந்தாள். சொற்பிறப்பு முறையில் அது பிழை, மதிப்பெண் குறைத்தேன். குறைத்துவிட்டு நெடுநேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏனெனில், அவளுடைய முன்னோர் உருவம் இழந்தது இச்சொல்லால்தான். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அடுத்த ஆண்டு வந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம் விண்ணப்பிக்க வழிவிட்டது. ஏறத்தாழ 8 இலட்சத்து 25 ஆயிரம் பேருக்காக விண்ணப்பங்கள் சென்றன. ஏற்றுக்கொள்ளப்பட்டவர்கள் ஏறத்தாழ 1 இலட்சத்து 34 ஆயிரம் பேர் மட்டுமே. மற்றவர்களுக்குக் காரணமே கூறப்படவில்லை என்று சொல்லமாட்டேன். காரணம் இருந்தது, ஆனால் அது மனிதனைப் பற்றியதன்று, தாளைப் பற்றியது. இத்தனை ஆண்டு இடையறாது இந்நாட்டில் வதிந்தமைக்குச் சான்று எங்கே என்று கேட்டார்கள். லயன் அறையிற் பிறந்து, கொழுந்து பறித்து, அந்த மண்ணிலேயே பெற்றோரைப் புதைத்தவன் அதற்கு எந்தத் தாளைக் காட்டுவான்? 1964இல் இரண்டு பிரதமர்கள் அம்மக்களைக் கேளாமலே 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு என்று பங்கிட்டுக்கொண்டனர். எஞ்சியிருந்தோருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் நிறைவேறியது. இந்த ஐம்பத்தைந்து ஆண்டுகளுக்கு வினைமுதல் யார்? அதிகாரியைக் கேட்டால் சட்டம் என்பார். சட்டத்தைக் கேட்டால் பாராளுமன்றம் என்னும்.

அவ்வாறாயின் நிராகரிப்பு யாவும் தீதோ என நண்பர்கள் கேட்கலாம். இல்லை. நம் நாட்டு வழக்கில் ‘பணிப் பகிஷ்கரிப்பு’ என்னும் தொடர் உண்டு. தொழிலாளி வேலையைத் தள்ளிவைக்கும்போது தன் பெயரையும் கோரிக்கையையும் பதாகையில் எழுதி, வீதியில் நிற்கிறான். முத்திரைக்குப் பின்னால் அவன் ஒளிவதில்லை. 1931இல் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் டொனமூர் அரசியலமைப்பு முழுச் சுயராச்சியம் தரவில்லை என்று அரசாங்க சபைத் தேர்தலைப் பகிஷ்கரித்ததும் வெளிப்படையாகவே. குடாநாட்டின் நான்கு தொகுதிகளுக்கும் நியமனப் பத்திரம் தாக்கல் செய்ய எவரும் வரவில்லை. அதன் விளைவு பற்றி எனக்கு வேறு கருத்து உண்டு. சர்வசன வாக்குரிமையை முதன்முறையாகப் பெற்ற ஒடுக்கப்பட்ட மக்கள், அதனைப் பயன்படுத்த 1934வரை காத்திருக்க நேர்ந்தது. அதனை அவர்களிடம் யார் கேட்டார்கள்? ஆயினும், செய்தவர்கள் தம் பெயரோடு செய்தார்கள்; அதனாலேயே இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னும் அவர்களோடு என்னால் வாதிட முடிகிறது.

என் பாடசாலை விடயத்துக்கு வருகிறேன். வகுப்பில் இடம் குறைவு என்பது உண்மையே. யாராவது ஒருவருக்கு ‘இல்லை’ சொல்லித்தான் ஆகவேண்டும். ஆனால், அந்தத் தோட்டத்துப் பையனுக்கு ஒத்த பெறுபேறுடைய வேறொருவன் சேர்க்கப்பட்டிருந்தான். அவனுடைய தந்தை அலுவலக வாயிலில் நின்றவர் அல்லர். உள்ளே கதிரையில் அமர்ந்திருந்தவர். குழுக் கூட்டத்தில் நான் அதனைக் கண்டேன், பேசவில்லை. ஆகவே, அந்த முத்திரை மறைத்த பெயர்களில் என் பெயரும் ஒன்று.

அந்தத் தந்தையின் லயனைத் தேடிச் சென்று இவ்வளவையும் சொல்ல எனக்கு மூன்று வாரங்கள் ஆயின. அவர் கேட்டுக்கொண்டிருந்தார். மகனுக்கு வேறு பாடசாலையில் இடம் கிடைத்துவிட்டதென்றும், தினமும் இரண்டு பஸ் மாறிச் செல்கிறான் என்றும் சொன்னார். கோபிக்கவில்லை, மன்னித்ததாகவும் கூறவில்லை.

இவ்வாண்டுக் குழுவில், முத்திரையை நீக்கிவிட்டுக் காரணத்தைக் கையால் எழுதி ஒப்பமிட வேண்டும் என்று கூறினேன். இருவர் ஆதரித்தனர். இத்தனை விண்ணப்பங்களுக்கும் எழுத எங்கே நேரம் என்றனர் மற்றவர்கள். முத்திரை இன்னும் மேசையில் இருக்கிறது. என் பங்குக்கு வரும் விண்ணப்பங்களில் மட்டும், காரணத்தை எழுதி, ‘என்னால் மறுக்கப்பட்டது’ என்று பெயரிட்டு வருகிறேன். இதுவரை நால்வர் என்னிடம் வந்து வாதிட்டிருக்கிறார்கள். ஒருவர் சொன்னது சரியாக இருந்தது. அந்தப் பிள்ளையைச் சேர்த்துக்கொண்டோம்.